புகழ் பிரபுவுக்கு, பழி வெறுங்காலனுக்கு

2022இல் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது இங்கிலாந்து ரசிகர்கள் சிலர் சிலுவைப் போர் வீரர்களாக வேஷம் கட்டிக்கொண்டு போனார்கள். சங்கிலிக் கவசம் மாதிரி ஒரு சட்டை, பிளாஸ்டிக் வாள், வெள்ளை அங்கியில் சிவப்புச் சிலுவை. அரபு மண்ணில் இந்த உடுப்பு மற்றவர்கள் மனத்தைப் புண்படுத்தும் என்று ஃபிஃபா எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. புண்படுமா படாதா என்று பத்திரிகைகள் பட்டிமன்றம் நடத்தின. எனக்கு வேறு சந்தேகம். வந்தவர்கள் எல்லோரும் ஏன் குதிரை வீரர்களாகவே வந்தார்கள்? குதிரைக்குப் புல் அறுத்தவனாக, ஊரான் துணியைத் துவைத்தவளாக, வயிற்றுக்கடுப்பில் வழியோரம் செத்தவனாக ஒருவருக்கும் வேஷம் போடத் தோன்றவில்லையே?

மைதானத்து வேஷமாவது ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடும். கலையாத வேஷங்கள் உண்டு. 2001 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் புஷ் தாம் தொடங்கப்போகும் போரைச் சிலுவைப் போர் என்றே வாய்விட்டுச் சொன்னார். 2011 ஜூலையில் நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் தன்னை, சிலுவைப் போர்க் காலத்துத் துறவி வீரர் அமைப்பான டெம்ப்ளரின் வீரன் என்று அறிவித்துக்கொண்டான். அவன் சுட்டுக் கொன்றவர்களில் பெரும்பாலோர் ஒரு தீவில் முகாமுக்கு வந்திருந்த இளைஞர்கள். கையில் ஆயுதம் இல்லாதவர்கள். டெம்ப்ளர் அமைப்பின் சட்டதிட்டம் அவனுக்கு என்ன தெரிந்திருக்குமோ, சிலுவைப் படையின் ஒரு பழக்கத்தை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டான்.

நியாயமாக வேஷம் போடுவதென்றால் பத்துப் பேரில் ஒன்பது பேர் நடந்து வர வேண்டும். 1099 ஜூனில் எருசலேம் மதிலுக்கு முன்னால் வந்து நின்ற படையை, கூடவே வந்த பாதிரியார் ஒருவர் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார். ஆயுதம் ஏந்தும் தெம்பில் இருந்தவர்கள் ஏறக்குறைய 12,000. அவர்களில் குதிரை வீரர் என்ற தகுதி உள்ளவர்கள் 1,200, மிஞ்சினால் 1,300. மற்றவர்கள் ஈட்டிக்காரர், வில்லாளி, கவண்காரர். கணக்கிலேயே வராத இன்னொரு கூட்டமும் இருந்தது. சமைத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், லாயத்துப் பையன்கள், தச்சர், கொல்லர், விலைமாதர், பிச்சைக்காரர், இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்கள். அந்த 1,300 பேரிலும் பலருக்குக் குதிரை எப்போதோ செத்திருந்தது; சிலர் தின்றும் இருந்தார்கள்.

இந்தப் படையைப் பற்றி எழுதிய பாதிரிமார் ஒரு நடைமுறையைப் பெரும்பாலும் கடைப்பிடித்தார்கள். வீரம் நடந்ததா? பெயரைப் போடு; ஊர், குலம், தகப்பன் பெயரோடு போடு. கொலையா, கொள்ளையா, பிணந்தின்னலா? பெயர் வேண்டாம். ‘ஏழைகள்’, ‘கும்பல்’, ‘வெறுங்காலர்கள்’ என்று எழுதிவிடு. தொள்ளாயிரம் ஆண்டுகளாக அந்த ஏடுகள் படிக்கப்படுகின்றன; பிறகு அச்சேறின, பாடமாயின, சினிமாவும் ஆயின. பெயர் யாருக்கு, பழி யாருக்கு என்ற பங்கீடு மட்டும் மாறவே இல்லை.

1095 நவம்பரில் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் எருசலேமுக்குக் கூப்பிட்டது சண்டை தெரிந்தவர்களை. வந்ததோ ஊரே. மாட்டுக்குக் குதிரை லாடம் போல லாடமடித்து, இரட்டைச் சக்கர வண்டியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் குடியானவர்கள். வழியில் எந்தக் கோட்டை தெரிந்தாலும் இதுதான் எருசலேமா என்று அந்தப் பிள்ளைகள் கேட்டனவாம். இதைப் பதிவு செய்த நோஜான் மடத்துத் தலைவர் கிபேர் அதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார்.

பிரபுக்கள் கிளம்பியது வேறு விதம். நார்மண்டிப் பிரபு ராபர்ட் தன் நாட்டையே தம்பியான இங்கிலாந்து அரசனிடம் 10,000 மார்க் வெள்ளிக்கு அடமானம் வைத்தான். பூயோன் காட்ஃப்ரே தன் கோட்டையை லீஜ் நகர ஆயரிடம் கொடுத்துக் காசாக்கினான். தம்பி அந்த வெள்ளியை எங்கிருந்து எடுத்தான்? இங்கிலாந்துக் குடியானவன் தலையில் வரி போட்டு எடுத்தான். ஆக நார்மண்டிக்காரன் பரலோகம் போகும் வழிச்செலவுக்கு, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவன் கோதுமை விற்றுக் காசு கட்டினான். தியாகி பட்டியலில் அவன் இல்லை.

1096இன் முதல் அலைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒரு வாத்தும் உண்டு. கதை இல்லை, ஆஹன் நகர ஆல்பர்ட் தம் ஏட்டில் எழுதியிருக்கிறார். பரிசுத்த ஆவி அந்த வாத்துக்குள்ளும் ஓர் ஆட்டுக்குள்ளும் இறங்கிவிட்டதாக நம்பி அவற்றின் பின்னால் ஒரு கூட்டம் நடந்தது. வாத்து பாதி வழியிலேயே செத்துப்போயிற்று. அந்த ஆண்டு தலைமைப் பதவியில் இருந்தவர்களில் யாரையும் கொல்லாமல் செத்தது அநேகமாக அது ஒன்றுதான்.

சிரிப்பு இதோடு போதும். அந்த மே மாதம் ரைன் நதிக்கரையில் நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. எருசலேமுக்கு ஆயிரக்கணக்கான மைல் இருக்க, வழியிலேயே எதிரி கிடைத்துவிட்டான்: நாலு தலைமுறையாக அதே தெருவில் வியாபாரம் செய்துவந்த யூதன். ஷ்பேயர் நகரில் ஆயர் உறுதியாக நின்றதால் பெரும்பாலோர் பிழைத்தார்கள். வோர்ம்ஸில் ஆயரின் அரண்மனைக்குள் ஒளிந்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 800 பேர் கொல்லப்பட்டார்கள். மைன்ஸ் நகருக்கு வந்தவன் எமிகோ என்ற பிரபு. யூதர்கள் பொன் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டான். ஊர்க்காரர்கள் வாசற்கதவைத் திறந்துவிட்டார்கள். காப்பதாகச் சொன்ன பேராயர் ஓடிப்போனார். எமிகோவின் ஆட்கள் உள்ளே போய் வெட்டினார்கள். ஞானஸ்நானம் பெறுவதைவிடச் சாவதே மேல் என்று தாய்மார் தம் பிள்ளைகளைத் தாமே கொன்றதை எபிரேய ஏடுகள் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கின்றன. செத்தவர்கள் எழுநூறு என்கிறது ஒரு ஏடு, ஆயிரத்துக்கு மேல் என்கிறது இன்னொன்று.

இதைச் செய்தது யார்? ‘மதவெறி தலைக்கேறிய குடியானவக் கும்பல்’ என்பது வழக்கமான விடை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். எமிகோ குடியானவனா? அவனோடு போனவர்களில் மெலன் கோமகன் வில்லியம் இருந்தான். மார்ல் பிரபு தாமஸ் இருந்தான். வெந்துய் பிரபு கிளாரம்பால்டு இருந்தான். குதிரை, கவசம், கொடி, பணியாள் எல்லாம் உள்ள ஆசாமிகள். சரி, கொலை செய்யாத கண்ணியவான் காட்ஃப்ரே? யூத ரத்தத்துக்குப் பழிவாங்காமல் போகமாட்டேன் என்று அவன் சபதம் போட்டதாகச் செய்தி பரவியது. கொலோன் நகர யூதர்களும் மைன்ஸ் நகர யூதர்களும் ஆளுக்கு 500 வெள்ளி கொடுத்தார்கள் என்று எபிரேய ஏடு சொல்கிறது. அதன்பிறகு அவனுக்குச் சபதம் நினைவில்லை. மூன்று ஆண்டு கழித்து இவனைத்தான் எருசலேமின் முதல் ஆட்சியாளனாகத் தேர்ந்தெடுத்தார்கள். கிறிஸ்து முள்முடி சூடிய ஊரில் பொன்முடி சூட மறுத்த உத்தமன் என்று இன்றைக்கும் புகழ்கிறார்கள்.

எமிகோவின் படை ஹங்கேரி எல்லையில் மோசோன் கோட்டையை முற்றுகையிட்டது. அங்கே உள்ளே இருந்தவர்களிடம் வாள் இருந்தது. படை சிதறி ஓடியது. நடந்து வந்தவர்கள் வெட்டுப்பட்டும் ஆற்றில் விழுந்தும் செத்தார்கள். எமிகோ, தாமஸ், கிளாரம்பால்டு, வில்லியம் நால்வரும் தப்பினார்கள், ஏனென்றால் அவர்கள் குதிரைகள் வேகமானவை. சொல்வது நான் இல்லை, அதே ஆல்பர்ட். எமிகோ வீட்டுக்குப் போய்விட்டான். மற்ற மூவரும் பிரெஞ்சு அரசனின் தம்பி படையில் சேர்ந்து, மதிப்புக்குரிய பிரபுக்களாக மறுபடி புறப்பட்டார்கள். மைன்ஸில் எங்கே இருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதே முதல் அலையில் பிரசங்கம் செய்து துறவி பீட்டர் கூட்டிவந்த குடியானவர் கூட்டத்தின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 1096 அக்டோபர் 21 அன்று கிவெத்தோத் அருகே சுல்தான் கிலிஜ் அர்ஸ்லானின் துருக்கியர் பதுங்கியிருந்து தாக்கினார்கள். கூட்டம் ஒரே நாளில் அழிந்தது. கூட்டி வந்த துறவி அன்று கான்ஸ்டாண்டிநோபிளில் பத்திரமாக இருந்தார்.

இனி மெலன் வில்லியம். இவனுக்குத் தச்சன் என்று பட்டப்பெயர். மரம் இழைத்ததில்லை, போரில் ஆட்களைக் கட்டை வெட்டுவது போல வெட்டுவானாம். இப்பேர்ப்பட்ட வீரன் அந்தியோக்கியா முற்றுகையில் என்ன செய்தான்? 1098 தொடக்கத்தில் முகாமில் சோறில்லை, மழை விடவில்லை. ஒருநாள் தச்சனும் துறவி பீட்டரும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள். படைத் தலைவர்களில் ஒருவனான போஹிமண்டின் உறவினன் டான்கிரெட் விரட்டிப் பிடித்து இழுத்து வந்தான். போஹிமண்டின் கூடாரத்தில் தச்சன் ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்தான். காலையில் திட்டு வாங்கினான், இனி ஓடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். கொஞ்ச நாளில் மறுபடி ஓடிவிட்டான்.

இவனாவது சின்னக் கோமகன். ப்ளுவா ஸ்டீபன் பிரான்சின் பெரும் பணக்காரர்களில் ஒருவன். இங்கிலாந்தை வென்ற வில்லியமின் மருமகன். படைக்குத் தன்னைத்தான் தலைவனாக்கியிருக்கிறார்கள் என்று மனைவி அடேலாவுக்குக் கடிதம் எழுதியவன். 1098 ஜூனில் அந்தியோக்கியா விழுவதற்கு முந்தின நாள், உடம்பு சரியில்லை என்று கிளம்பிவிட்டான். போகிற வழியில், உதவிக்கு வந்துகொண்டிருந்த பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோசிடம், எல்லாம் முடிந்தது என்று சொல்லி அவரையும் திருப்பி அனுப்பினான். பிற்பாடு எழுதிய ஏடுகளில் துரோகிப் பட்டம் பேரரசருக்குக் கிடைத்தது. ஸ்டீபனை அடேலா வீட்டில் நிம்மதியாக இருக்கவிடவில்லை. திரும்பப் போ என்று துரத்தினாள். 1102இல் ராம்லாவில் செத்தான். அந்தக் குடும்பத்தில் போர்க்குணம் யாரிடம் இருந்தது என்பது தெரிகிறது.

நகருக்குள் நுழைந்த படையை வெளியிலிருந்து மோசூல் ஆட்சியாளன் கெர்போகாவின் பெரும்படை சூழ்ந்துகொண்டபோது, மதில்மேல் கயிறு கட்டி இறங்கி ஓடிய பிரபுக்களுக்குக் ‘கயிற்றாட்டக்காரர்’ என்று முகாமில் பெயர் வைத்தார்கள். அந்த முதல் வரிசையில் போஹிமண்டின் மைத்துனனும் ஒருவன். அப்போது உள்ளே எஞ்சியிருந்த போர்க்குதிரைகள் சில நூறுதான். ஜூன் 28 அன்று வாசலைத் திறந்துகொண்டு வெளியே போய்க் கெர்போகாவை முறியடித்தார்களே, அந்தச் சண்டையில் பெரும்பாலோர் நடந்து போனார்கள். குதிரையிழந்த கனவான்களும் வேறு வழியில்லாமல் அவர்களோடு நடந்தார்கள். கெர்போகாவின் கூட்டாளிகள் அவனைப் பிடிக்காமல் பாதியில் கழன்றுகொண்டதும் உண்மை. ஆனாலும் பசித்த வயிற்றோடு வரிசை கலையாமல் நின்றதை வீரம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வெற்றி யார் கணக்கில் ஏறியது? பூமிக்கடியில் தோண்டியெடுத்த புனித ஈட்டியின் கணக்கிலும், வானத்திலிருந்து வெள்ளைக் குதிரையில் இறங்கி வந்த புனிதர்கள் கணக்கிலும். சொர்க்கத்திலிருந்து வந்த உதவிப் படையில்கூடக் காலாட்களுக்கு இடமில்லை பாருங்கள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் படை நகரவில்லை. அந்தியோக்கியா யாருக்கு என்று போஹிமண்டும் டூலூஸ் பிரபு ரேமண்டும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். இடையில் 1098 டிசம்பரில் மாரா என்ற சிரிய நகரத்தைப் பிடித்தார்கள், ஊரை வெட்டிச் சாய்த்தார்கள். பிடித்த ஊரில் தானியம் இல்லை. பசி முற்றி, அழுகிய பிணங்களின் சதையை அறுத்துச் சமைத்துத் தின்றார்கள். எதிரிகள் கட்டிய கதை என்று தள்ள முடியாது. படைத் தலைவர்களே போப்புக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பசி இருக்கிறது. தின்றது யார் என்று கேட்டால் மட்டும் பல கைகள் ஒரே பக்கம் நீள்கின்றன: தாஃபூர்கள், வெறுங்காலர்கள், சாக்கு உடுத்திய பஞ்சைகள். அவர்கள் ஏன் பிணம் தின்னும் நிலைக்கு வந்தார்கள்? பிரபுக்கள் கூடிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தலைமையை ஏற்றுக்கொள், காட்ஃப்ரேவுக்கு 10,000 சொலிதி, ராபர்ட்டுக்கு 10,000, ஃபிளாண்டர்ஸ்காரனுக்கு 6,000, டான்கிரெட்டுக்கு 5,000 என்று ரேமண்ட் விலைப்பட்டியல் நீட்டிக்கொண்டிருந்தான். அவன் முகாமிலேயே ஆட்கள் பிணத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அந்த வெறுங்காலர்கள் ஒரு காரியம் செய்தார்கள். முழுச் சிலுவைப் போரிலும் இதைவிடத் தெளிவான போர்த்தந்திரம் ஒன்றை நான் படித்ததில்லை. சண்டை இந்த ஊருக்காகத்தானே, ஊரே இல்லாமல் செய்துவிடுவோம் என்று மாராவின் மதிலைக் கல் கல்லாகப் பெயர்த்துத் தள்ளினார்கள். நோயாளிகளும் கிழவர்களும் கோலூன்றி வந்து கல் பெயர்த்தார்கள். ஆயர் தடுத்தார், அதட்டினார். அவர் தலை மறைந்ததும் மறுபடி பெயர்த்தார்கள். காக்க ஒன்றுமில்லை என்றானதும் ரேமண்டுக்கு ஞானம் பிறந்தது. 1099 ஜனவரி 13 அன்று யாத்திரிகனாக, செருப்பில்லாமல், எருசலேம் நோக்கி நடந்தான். அந்தப் பக்தியை ஏடுகள் உருகி உருகி எழுதின.

எருசலேம் விழுந்த கதையைப் பலர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது சில்லறைக் கணக்கு மட்டும். முற்றுகைக் கோபுரம் கட்ட அங்கே மரம் இல்லை. ஜெனோவாக்காரர்கள் யாஃபாவில் தம் கப்பல்களைப் பிரித்துப் பலகையும் ஆணியும் கயிறும் கொண்டுவந்தார்கள், தச்சர்கள் கட்டினார்கள். ஜூலை 15 அன்று மதில் தாண்டினார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும் வெட்டுப்பட்டார்கள். யூதர்கள் ஒதுங்கிய ஜெபஆலயத்தைக் கொளுத்தினார்கள். டான்கிரெட் தன் கொடியைக் கொடுத்து, அல் அக்ஸா கூரைமேல் ஏறியிருந்தவர்களுக்கு உயிர்ப்பிச்சை தந்தான். மறுநாள் காலையில் அவர்களையும் கொன்றார்கள். அவனுக்குக் கோபம் வந்ததாம். அரண் ஒன்றுக்குள் இருந்த ஃபாத்திமித் தளபதி மட்டும் ரேமண்டிடம் பணம் பேசி ஆட்களோடு உயிரோடு வெளியேறினான். வெறியாட்டத்தின் நடுவிலும் பிரபுவும் பிரபுவும் பேரம் பேசிக்கொள்ள நேரம் இருந்திருக்கிறது. பிறகு எதற்கு வெறி என்று பெயர்?

ஏழைகள் பிணங்களின் வயிற்றைக் கிழித்து, விழுங்கிய பொற்காசு இருக்கிறதா என்று தேடினார்கள் என்று ஷார்த்ர் நகர ஃபுல்ஷே முகம் சுளிக்கிறார். சுளிக்க வேண்டியதுதான். டான்கிரெட் பாறைக் குவிமாடத்துக்குள் புகுந்து பொன்னும் வெள்ளியும் விளக்குகளுமாக வாரிக்கொண்டு போனான். அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல் அதீர் கணக்கில் பெரிய வெள்ளி விளக்குகள் மட்டும் நாற்பதுக்கு மேல். குடலில் காசு தேடியவன் பேராசைக்காரன், கோவிலையே வழித்தவன் இளவரசன்.

1187க்கு வருவோம். சிலுவைப் போராளிகள் நிறுவிய எருசலேம் அரசின் படை ஜூலை மாத வெயிலில், தண்ணீரில்லாத மேட்டில், ஹத்தீனில் சுல்தான் சலாஹுத்தீனிடம் மாட்டிக்கொண்டது. ஏறத்தாழ 1,200 குதிரை வீரர், மொத்தம் இருபதாயிரம் பேர் போல. நீர்நிலையை விட்டு நகராதே என்று திரிப்போலிப் பிரபு சொன்னார். டெம்ப்ளர் தலைவன் ஜெரார்டு அரசன் கீயின் காதைக் கடித்து நகர்த்தினான். அதே ஜெரார்டு இரண்டு மாதம் முன்புதான் கிரெஸ்ஸன் ஊற்றருகே நூற்றுச் சொச்சம் வீரர்களை ஆயிரக்கணக்கானவர்கள் மேல் பாயவிட்டு, அநேகமாக அத்தனை பேரையும் பலி கொடுத்து, தான் மட்டும் ஓரிருவரோடு தப்பி வந்தவன். தோற்ற பிறகு அரசனுக்குக் கூடாரத்தில் குளிர்ந்த நீர் கிடைத்தது. பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் துறவி வீரர்களைச் சலாஹுத்தீன் வெட்டச் சொன்னார். அவர்கள் தலைவன் ஜெரார்டுக்கு அந்தக் கத்தி வரவில்லை. மறு ஆண்டே விடுதலை. காலாட்கள் கயிற்றில் கோக்கப்பட்டு டமாஸ்கஸ் சந்தைக்குப் போனார்கள். அத்தனை பேர் வந்து குவிந்ததில் அடிமை விலை சரிந்தது.

எருசலேமும் அந்த அக்டோபரில் சரணடைந்தது. மீட்புத் தொகை ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5. கையில் காசில்லாத ஏழாயிரம் பேருக்கு மொத்தமாக 30,000 தினார் கட்டி மீட்டார்கள். அதற்கு மேலும் ஆயிரக்கணக்கானோர் மிச்சமிருந்தார்கள். ஊரின் மதத் தலைவர் ஹெராக்ளியஸ் என்ன செய்தார்? தமக்குரிய பத்து தினாரைச் சட்டப்படி எண்ணி வைத்தார். தேவாலயப் பொன்னையும் தட்டுகளையும் மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினார். அந்த மூட்டையைப் பறிக்க வேண்டாமா என்று சலாஹுத்தீனின் ஆட்களே பதறினார்கள். கொடுத்த வாக்கு வாக்குதான் என்று அவர் விட்டுவிட்டார். அவர் தம்பி அல் ஆதில் ஆயிரம் பேரை அடிமைகளாகக் கேட்டு வாங்கி, அங்கேயே விடுதலை செய்தார். எதிரியின் தம்பிக்கு வந்த இரக்கம் சொந்த மந்தையின் மேய்ப்பருக்கு வரவில்லை.

போர்த்திறன் என்று மனமார ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் 1191 செப்டம்பர் அர்சூஃப் அணிவகுப்பைச் சொல்வேன். இங்கிலாந்து அரசன் ரிச்சர்டின் படைக்குக் கடலோரமாக ஆக்ரேவிலிருந்து தெற்கே நடை. நிலப்பக்கம் காலாட்கள் தடித்த கம்பளிச் சட்டையோடு சுவராக நடந்தார்கள், உள்ளே குதிரைகள். சலாஹுத்தீனின் ஆள் பஹாவுத்தீன் நேரில் பார்த்து வியந்திருக்கிறார்: முதுகில் பத்து அம்பு வரை தைத்து நிற்க, அதோடேயே வரிசை பிசகாமல் நடந்தார்களாம். பாதி பேர் நடக்க, பாதி பேர் கடலோரமாக இளைப்பாறி, முறை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் குறுக்குவில்லுக்குப் பயந்துதான் துருக்கிக் குதிரைகள் நெருங்காமல் நின்றன. குதிரைகளைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். சிங்கநெஞ்சன் என்ற பட்டம் ரிச்சர்டுக்கு. அதே ரிச்சர்டு அதற்குச் சற்று முன்னதாக, ஆகஸ்ட் 20 அன்று, ஆக்ரேயில் சரணடைந்த சுமார் 2,700 கைதிகளைக் கயிறு கட்டி நிறுத்தி, எதிர்ப்படையின் கண்ணெதிரே கொல்லச் சொன்னவன். கட்டிப்போட்ட ஆளைக் கொல்லச் சிங்கநெஞ்சு எதற்கு?

1213இல் போப் மூன்றாம் இன்னொசென்ட் ஆள் சேர்ப்பை எளிமையாக்கினார். கிழவன், நொண்டி, நோயாளி யார் வேண்டுமானாலும் சிலுவை எடுத்து நேர்ந்துகொள்ளலாம். பிறகு போக முடியாதவர் காசு கட்டி நேர்த்தியை மீட்டுக்கொள்ளலாம், பாவமன்னிப்பும் உண்டு. இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு முந்தைய அனுபவம் ஒன்று இருக்கிறது. 1201இல் பிரெஞ்சுப் பிரபுக்கள் வெனிஸோடு ஒப்பந்தம் போட்டார்கள்: 4,500 வீரர், 9,000 உதவியாளர், 20,000 காலாட்கள், ஏற்றிப்போக 85,000 மார்க். போகும் இடம் எகிப்து என்பதைச் சாதாரண ஆட்களுக்குச் சொல்லவில்லை. வந்து சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. 34,000 மார்க் பற்றாக்குறை. கடனுக்குப் பதிலாக ஒரு ஊரைப் பிடித்துத் தாருங்கள் என்றார் வெனிஸின் ஆட்சித் தலைவர், கண் தெரியாத கிழவர் டான்டொலோ. 1202 நவம்பரில் ஸாரா நகரம் விழுந்தது. கத்தோலிக்க நகரம், மதிலில் சிலுவையைத் தொங்கவிட்டும் விடவில்லை. 1204 ஏப்ரலில் கான்ஸ்டாண்டிநோபிள். கிழக்குக் கிறிஸ்தவத்தின் தலைநகரம். ஹாகியா சோபியாவுக்குள் கோவேறு கழுதைகளை ஓட்டிப் போய்க் கொள்ளையை ஏற்றினார்கள். எருசலேமை அந்தப் படையில் பெரும்பாலோர் கண்ணாலும் பார்க்கவில்லை.

நம் பள்ளிப் பாடநூலில் இந்த இருநூறு ஆண்டுக்கு அரைப் பக்கம். விளைவுகள்: நிலமானிய முறை தளர்ந்தது, கீழை நாடுகளோடு வணிகம் வளர்ந்தது. ஆமாம், வளர்ந்தது. கொள்ளைபோன கான்ஸ்டாண்டிநோபிளின் பிரெஞ்சுப் பேரரசர்கள் கடனில் மூழ்கி, கிறிஸ்துவின் முள்முடி என்று வைத்திருந்ததையே வெனிஸ்காரரிடம் அடகு வைத்தார்கள். 1239இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி அதை மீட்டுப் பாரிசுக்குக் கொண்டுபோனார். விளைவுகளில் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

கடைசியாக ஆக்ரே. 1290 கோடையில் இத்தாலியிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். சம்பளம் ஒழுங்காக வரவில்லை, சண்டையும் இல்லை. எகிப்து சுல்தானோடு சமாதான உடன்படிக்கை அமலில் இருந்தது. ஒருநாள் குடித்துவிட்டுத் தெருவில் இறங்கி, சந்தைக்கு வந்த முஸ்லிம்களை வெட்டினார்கள். தாடி வைத்த சிரியக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்கள் என்று வெட்டுப்பட்டார்கள். கொலைகாரர்களை ஒப்படையுங்கள் என்று சுல்தான் கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் மறுத்தார்கள். அடுத்த ஆண்டு மே 18 அன்று அவர் மகன் நகரத்தைப் பிடித்தான். சைப்ரஸ் அரசன் கப்பலேறிப் போய்விட்டான். மதத் தலைவர் நிக்கோலஸ், கெஞ்சியவர்களையெல்லாம் தம் படகில் ஏற்றிக்கொண்டு, பாரம் தாங்காமல் படகோடு மூழ்கினார். ஹெராக்ளியஸை அறிந்த அளவுக்கு அவரை யாரும் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

அதே துறைமுகத்தில் டெம்ப்ளர் கப்பல் ஒன்றும் நின்றது. அதன் தலைவன் ரோஜர் டி ஃப்ளோர். கப்பலில் இடம் கேட்டு வந்த சீமாட்டிகளிடம் நகைகளைக் கறந்துகொண்டு ஏற்றினான் என்பது அவன் மேல் வந்த குற்றச்சாட்டு. நகையில்லாத பெண்களும் பிள்ளைகளும் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். டெம்ப்ளர் அமைப்பு அவனைக் கைவிட்டது. அதனால் அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை. கூலிப்படை சேர்த்தான், பைசாந்தியப் பேரரசரிடம் வேலைக்குப் போனான், சீசர் பட்டம் வாங்கினான், அரச குடும்பத்தில் பெண்ணும் எடுத்தான்.